கொத்து ரொட்டிப் பந்தயமும் அரை விநாடித் தாமதமும்: மென்பொருள் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டச் பே கடற்கரையில் தொடங்கிய வாக்குவாதங்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் கோட் எழுதுகிற ஏழெட்டுப் பேர் நாங்கள். வாரம் முழுக்க அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு சனி மாலை ஒன்றுகூடினால், தேத்தண்ணி வருவதற்குள் பேச்சு அந்த வாரத்துத் தொழில்நுட்பச் செய்தியில் போய் நின்றுவிடும். அங்கே முடிவு காணாததை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வளாகத்துப் பிள்ளை ஒருவரும், ஓர் ஆசிரியரும், கிண்ணியாக் கடைக்காரர் ஒருவரும் கூட எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: நானும் என் அறைத்தோழனும் ஒரே கம்பனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறோம். "இன்னும் ரெண்டு வருசத்தில ஏஐ எல்லாத்தையும் எழுதிரும், நீயும் நானும் நிலாவெளி ஹோட்டல்ல ரூம்போய் வேலை கேட்டு நிக்கப் போறம்" என்கிறான் அவன். "டேய், அது எழுதினதைத் திருத்தவே உன்னைப் பத்து வருசம் வச்சிருப்பாங்கள்" என்கிறேன் நான். ரெண்டு சீஸ் கொத்து பந்தயம். யாருக்கு வெற்றி? (உவர்மலையிலிருந்து இருவர்)

பதில்: தம்பிமாரே, கொத்துக்கு இப்போதைக்கு யாரும் காசு எடுக்க வேண்டாம். கோட் எழுத உதவுகிற ஏஐயான கிட்ஹப் கோப்பைலட்டின் முன்னோட்டம் வந்தது 2021 ஜூனில், சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30இல், கோடைப் படிக்காமலே ஏஐ சொன்னபடி விட்டுவிடுகிற பழக்கத்துக்கு 'வைப் கோடிங்' என்று ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி பெயர் வைத்தது 2025 பெப்ரவரியில். நாலு வருசத்துக்குள் இவ்வளவு தூரம் வந்த ஒன்று இன்னும் ரெண்டு வருசத்தில் எங்கே நிற்கும் என்று நான் அடித்துச் சொன்னால் அது பொய்.

ஆனால் நீங்கள் இருவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறீர்கள், அதைச் சொல்லலாம். இருவரும் தலைப்பைப் படித்துவிட்டு உங்கள் மனதுக்குப் பட்டதைப் பேசுகிறீர்கள். மீட்டர் (METR) என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்க்க, பாவிக்கக் கோடைத் திறந்து வைக்கிற) நிரலாளர்கள், அவர்கள் வருடக்கணக்காகப் பழகிய சொந்தத் திட்டங்கள், மொத்தம் 246 வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஏஐ பாவிக்கலாமா கூடாதா என்பதைச் சீட்டுப் போட்டுப் பார்ப்பது போல முடிவு செய்தார்கள். தொடங்குமுன் கேட்டபோது ஏஐயால் 24 வீதம் நேரம் மிச்சமாகும் என்றார்கள், முடிந்த பிறகு கேட்டபோதும் 20 வீதம் மிச்சமானது என்று நம்பினார்கள். கடிகாரம் சொன்னது வேறு: ஏஐ பாவித்த வேலைகளுக்கு 19 வீதம் அதிக நேரம் போயிருந்தது.

இதை வைத்து "பார்த்தியா, நான் சொன்னேன்" என்று கேள்வி எழுதிய தம்பி துள்ள வேண்டாம். அந்த ஆய்வு 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்து, தங்கள் கோடை உள்ளங்கை போல அறிந்தவர்களிடம் செய்தது. முதல் நாள் வேலைக்கு வந்த பெடியனுக்கோ, பழக்கமில்லாத மொழியில் எழுதுகிறவருக்கோ கணக்கு வேறாக வரலாம். என்னைப் பிடித்து உலுக்கியது அந்த 19 அல்ல. வேலையைச் செய்து முடித்த ஆளுக்கே, தான் வேகமாகப் போனோமா மெதுவாகப் போனோமா என்று தெரியவில்லையே, அதுதான். அன்றிலிருந்து ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன்: எந்த வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கினேன், ஏஐயைக் கேட்டேனா, எப்போது முடிந்தது, அப்புறம் அதே இடத்தில் எத்தனை முறை திரும்பத் திருத்தினேன். சோதனைக்கான தரவு உருவாக்குவதிலும், நான் தொட்டே பார்க்காத ஒரு மொழியில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவதிலும் எனக்கு நல்ல லாபம். பத்து வருசப் பழைய பில்லிங் கோடில், மாதக் கடைசித் திகதி கணக்குப் பார்க்கிற இடத்தில், இரண்டு நாள் நட்டம். ஏனென்றால் அது எழுதித் தந்தது பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்ததால் நான் சந்தேகப்படவே இல்லை. நீங்களும் ஒரு மாதம் ஆளுக்கொரு கொப்பி வைத்துக் குறியுங்கள். கொத்தை அதற்குப் பிறகு தீர்மானிக்கலாம்.

கேள்வி: நான் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் இறுதி வருடம். போனைத் திறந்தால் ஆட்குறைப்புச் செய்திதான். அம்மா "கவர்ன்மென்ட் வேலைக்குப் போடு பிள்ளை" என்கிறா. பயமாக இருக்கிறது அண்ணா. (கோணேசபுரி மாணவி)

பதில்: தங்கச்சி, பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

2022 நவம்பரில் பேஸ்புக்கின் கம்பனியான மெட்டா 11,000 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. 2023 ஜனவரியில் மைக்ரோசாப்ட் 10,000, கூகுள் 12,000. இந்த எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மற்ற எண்ணை யாரும் பகிர்வதில்லை: 2019 முடிவில் சுமார் 45,000 பேர் இருந்த மெட்டாவில் 2022 செப்டெம்பரில் 87,000க்கு மேல் இருந்தார்கள். கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்து இணையத்தில் வாங்க, அப்படியே தொடரும் என்று நம்பி மூன்று வருசத்துக்குள் ஆட்களை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள், அந்தக் கணிப்பு பிழைத்துப் போனது என்று ஸக்கர்பெர்க்கே ஒப்புக்கொண்டார். அதே நேரத்தில் வட்டி வீதமும் ஏறியது. அந்த அலைக்கும் ஏஐக்கும் பெரிய சம்பந்தமில்லை. 2025இல் மைக்ரோசாப்ட் மே மாதம் சுமார் 6,000, ஜூலையில் சுமார் 9,000, ஒக்டோபரில் அமேசன் 14,000 என்று வந்தது வேறு அலை. இவை ஏஐ தரவு மையங்களுக்குக் காசைக் கொட்டிக்கொண்டிருக்கிற கம்பனிகள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டித் தலையில் தூக்கிக்கொள்ளாதே.

உண்மையான கஷ்டம் எங்கே என்றால் வாசற்படியில்தான். முன்பு புதிதாக வருகிறவருக்குக் கொடுத்துப் பழக்குகிற சின்னச் சின்ன வேலைகள் இருந்தன. ஒரு படிவம், ஒரு அறிக்கை, ஒரு சின்னப் பிழைத்திருத்தம். அவற்றை இப்போது சீனியர் ஏஐயிடம் கேட்டு முடித்துவிடுகிறார். அதனால் நேர்முகத் தேர்வுக்கு நீ போகும்போது 'படித்திருக்கிறேன்' என்பதோடு 'இதைச் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று காட்ட ஏதாவது வேண்டும். திருகோணமலையில் அதற்குப் பஞ்சமா? கையால் கொப்பியில் இருப்பு எழுதுகிற பாமசி இருக்கிறது, ரூம் புக்கிங்கை வட்ஸ்அப்பில் தேடுகிற விருந்தினர் விடுதி இருக்கிறது. ஓர் இடத்துக்குச் செய்து கொடுத்து ஆறு மாதம் அதைப் பராமரி. இரவு பத்து மணிக்கு "பிள்ளை, பில் அடிக்குதில்ல" என்று போன் வரும் பார், அது தருகிற படிப்பை எந்தப் பாடநெறியும் தராது. எஸ்கியூஎல்லையும் (தரவுத்தளத்தைக் கேட்கிற மொழி) லினக்ஸையும் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம், இலவசம்) நெட்வேர்க்கையும் உறுதியாகப் படி. அரச வேலைக்கும் விண்ணப்பம் போடு, அம்மா சொல்வதில் பிழையில்லை, ஒன்று இன்னொன்றைத் தடுக்காது.

வெளிநாட்டுக்கு வேலை செய்யப் போகிறாய் என்றால் இன்னொரு விஷயம். 2025 ஏப்ரல் 1இலிருந்து, முன்பு விலக்கு இருந்த அந்த வருமானத்துக்கும் உச்சமாக 15 வீத வரி உண்டு, காசு வங்கி வழியாக நாட்டுக்குள் வர வேண்டும். வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு இருப்பதால் தொடக்கத்தில் உனக்கு வரி வராமல் போகலாம். ஆனாலும் முதல் மாதத்திலிருந்தே கணக்கு எழுது.

கேள்வி: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம், கடையில் இருக்கிற ரெண்டு கம்பியூட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேணுமா தம்பி? (கிண்ணியா)

பதில்: வேண்டாம் நானா. 2025 ஒக்டோபர் 14ஓடு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன, மெஷின் நிற்கவில்லை. பில்லிங் மென்பொருள் உலாவியில் ஓடுவது என்றால் லினக்ஸ் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். விண்டோஸ் கட்டாயம் என்றால் மட்டும் அந்த மெஷினில் விண்டோஸ் 11 ஏறுமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், விற்க வந்தவரிடம் அல்ல, வேறு ஆளிடம்.

கேள்வி: போன கிழமை கடற்கரையில் நடந்த சண்டை. நான் சொன்னேன், கிரவுட்ஸ்ட்ரைக் செய்ததுதான் உலக மகா பிழை என்று. மற்றவன் கிளவுட்ஃப்ளேர் என்றான். மூன்றாமவன், "போங்கடா, எங்கட நாட்டை நிறுத்த ஒரு குரங்கு போதும்" என்றான். யார் சொன்னது சரி? (திருக்கடலூர்)

பதில்: மூன்றையும் எடுத்துப் பார்ப்போம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கிரவுட்ஸ்ட்ரைக்: 2024 ஜூலை 19, நம் நேரப்படி காலை 9.39. கணினிகளுக்குப் பாதுகாப்பு மென்பொருள் செய்கிற இந்தக் கம்பனியிடமிருந்து ஓர் உள்ளடக்கக் கோப்பு உலகம் முழுக்கப் போனது. அதை வாசிக்கிற நிரலுக்கு வந்து சேர்வது 20 உள்ளீடுகள். புதிய விதியோ 21ஆவதையும் பார்க்கச் சொன்னது. இல்லாத 21ஆவதைத் தேடி நினைவகத்தில் கையை விட்டதும் விண்டோஸ் விழுந்தது. சோதனைகளில் ஏன் பிடிபடவில்லை என்றால், அப்போதெல்லாம் அந்த 21ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்ற குறி இருந்ததால் யாரும் அதைத் தொடவே இல்லை. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்ப எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன.

கிளவுட்ஃப்ளேர்: 2025 நவம்பர் 18, நம் நேரப்படி மாலை 5 மணிக்குக் கொஞ்சம் முன். பல இணையத்தளங்களுக்கு முன்னால் நின்று காக்கிற இந்தக் கம்பனி, தன் தரவுத்தளத்தில் அனுமதிகளை ஒழுங்குபடுத்த ஒரு நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றம். அதனால் ஒரு வினவலுக்கு ஒவ்வொரு வரியும் இரண்டு தரம் வந்தது, அதிலிருந்து உருவாகிற கோப்பு இருமடங்கானது, 200 அம்சங்களுக்கு மேல் வராது என்று நம்பி எழுதிய நிரல் அதைக் கண்டதும் விழுந்தது. கோப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை புதிதாக உருவாகும்; சில நேரம் நல்லது வரும், சில நேரம் கெட்டது வரும். தளம் எழும்பி எழும்பி விழுந்ததால் யாரோ தாக்குகிறார்கள் என்றே முதலில் நினைத்தார்கள். எனக்கு இந்த இடம்தான் முக்கியம். இவ்வளவு பெரிய பொறியியலாளர்களும் முதல் மணித்தியாலத்தில் பிழையான காரணத்தைத் துரத்தியிருக்கிறார்கள், அதை மறைக்காமல் அன்றே நிமிடக் கணக்கோடு எழுதியும் வைத்தார்கள்.

குரங்கு: 2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதில் நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் குரங்கு எந்த நாட்டிலும் கம்பியில் ஏறும். ஓர் உபமின்நிலையத்தில் ஏற்பட்ட தடங்கல் அங்கேயே நிற்காமல் தீவு முழுவதையும் ஏன் இழுத்துப் போனது என்பதுதான் கேள்வி. கிளவுட்ஃப்ளேரிலும் அதே கேள்விதான், ஒரு கோப்பு ஏன் எல்லாவற்றையும் இழுத்துப் போனது.

ஆகவே உங்கள் மூன்று பேரில் எவரும் வெல்லவில்லை. என்னைக் கேட்டால் நான்காவதாக ஒன்றைச் சொல்வேன், நமக்கு அதுதான் மிகக் கிட்ட. 2023 ஓகஸ்டில் நம் அரச கிளவுடை, அதாவது அரச தரவுகளை வைத்திருக்கிற சேர்வர்களை, ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற நிரல்) தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயே போய்விட்டன, ஏனென்றால் அந்தக் காலத்துக்குப் பக்கப் (காப்புப் பிரதி) இருக்கவில்லை. வெளிநாட்டுச் செய்தியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நாம் இதைப் பற்றி ஒரு தேத்தண்ணி நேரம் கூடப் பேசவில்லை. எனக்கு இது வலிக்கிறது, ஏனென்றால் நான் நேரில் கண்டிருக்கிறேன். நகரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடை, தினமும் பக்கப் எடுக்கிறோம் என்றார்கள், எடுத்தும் இருந்தார்கள், அதே கம்பியூட்டரின் அதே டிஸ்க்கில். டிஸ்க் போன அன்று மூன்று வருசக் கடன் கணக்கு போனது. முதலாளி கொப்பிகளைத் தேடி எடுத்து ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் போய்க் கேட்டார். பக்கப் எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாக எப்போது திரும்ப ஏற்றிப் பார்த்தீர்கள் என்று இந்தக் கிழமையே உங்கள் இடத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஏஐயிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தை விடச் சீக்கிரம் அளவு முடிந்துவிடுகிறதே, இது பாரபட்சமா? (மூதூர், ஆசிரியர்)

பதில்: சேர், வகுப்பில் பிள்ளைகளை வைத்தே எண்ணிக் காட்டலாம். 'திருகோணமலை' என்பதில் ஆறு எழுத்து. கணினிக்கு அது த, இகரக் குறி, ர, உகரக் குறி என்று பத்துக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 30 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து, 11 பைட். அதற்கு மேல், ஏஐ மொழியை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டித்தான் வாசிக்கும். அதிகம் கண்ட சொல்லை ஒரே துண்டாக வைத்துக்கொள்ளும், குறைவாகக் கண்டதை நறுக்கி நறுக்கி வாசிக்கும். காசும் அளவும் டோக்கன் கணக்கில். 2024 மேயில் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய உதாரணத்தில் ஒரே தமிழ்ப் பகுதி 116 டோக்கனிலிருந்து 35ஆகக் குறைந்தது. அவர்கள் வெட்டும் முறையைத் திருத்தியதும் மூன்று மடங்குக்கு மேல் மலிந்தது என்றால், அதற்கு முன் நாம் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்!

நம் பக்கத்திலும் ஒரு வேலை கிடக்கிறது. இலங்கையில் எத்தனையோ சுற்றறிக்கைகளும் வினாத்தாள்களும் இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகள். தமிழில் தேடினால் அகப்படாது, ஏஐக்கும் அதை நேராகத் தமிழாகப் படிப்பது கஷ்டம். உங்களிடம் இருக்கிற பழைய பாடக் குறிப்புகளை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றுவதென்றால் சொல்லுங்கள், எங்களில் இரண்டு பேர் வருகிறோம்.

கேள்வி: ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம். இலவசமான ஒன்றை யார் காவல் காக்கிறார்கள்? (நிலாவெளி)

பதில்: சில நேரம் ஒரே ஒரு ஆள். எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்குகிற ஒரு சிறு கருவி, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பல வருடம் பராமரித்தவர் லாஸே கோலின். 2022இல் சிலர் "ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு" என்று அவரை நெருக்கினார்கள். மனநலப் பிரச்சினைகள் இருக்கின்றன, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் எழுதினார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக இரண்டு வருடத்துக்கு மேல் உதவி செய்து, நம்பிக்கை பெற்று, பொறுப்பையும் பெற்று, 2024 பெப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் ஒரு கள்ள வாசலை வைத்தார். சேர்வர்களுக்குள் நுழைகிற எஸ்எஸ்எச் வாசலே அவருடைய குறி.

பிடித்தது எப்படி? ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மைக்ரோசாப்ட் பொறியியலாளர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் நுழைவு வழமையை விட அரை விநாடி அதிகம் எடுத்தது. நானாக இருந்தால் இணையம் மெது என்று விட்டிருப்பேன், நீங்களும் விட்டிருப்பீர்கள். அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போய் 2024 மார்ச் 29இல் முழுவதையும் உலகத்துக்கு எழுதி அறிவித்தார். அந்தப் பதிப்பு பெரும்பாலான சேர்வர்களுக்குப் போய்ச் சேருமுன் நிறுத்த முடிந்தது.

அந்த அறிவிப்பை நான் மூன்று தரம் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஃபிராய்ண்டை விடக் கோலினைத்தான் அதிகம் நினைக்கிறேன். உங்கள் கம்பனி எந்தெந்த இலவச நிரல் நூலகங்களின் (மற்றவர்கள் எழுதி வைத்த கோட் தொகுப்புகளின்) மேல் நிற்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதில் ஒருவரே பராமரிக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆவணத்தில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்புங்கள், அல்லது நன்றி என்று நாலு வரி எழுதுங்கள். அவசரப்படுத்தி மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நாங்களும் வரலாமா? நாங்கள் இன்னும் ஏஎல் படிக்கிறோம். (லிங்கநகர், மூன்று பேர்)

பதில்: தாராளமாக. ஐந்தரைக்குப் பிறகு, வெயில் இறங்கியதும், டச் பேயில் வள்ளங்கள் இழுத்து விட்டிருக்கிற பக்கம். கோட்டையிலிருந்து இறங்கி வருகிற மான்களுக்கு ரொட்டி போட வேண்டாம், பைக்குள் தலையை விட்டுவிடும். லப்டொப் தேவையில்லை. மேலே சொன்ன கிளவுட்ஃப்ளேர் அறிக்கையை மூன்று பேரும் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, விளங்காத சொற்களை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தச் சொற்களிலிருந்து தொடங்குவோம்.